கடைசி ஆட்டம் வரை கணக்கு: ஈப்போ ஹாக்கி ரசிகர்களின் கவலையும் கனவும்

"நாலு ஆட்டம் முடிஞ்சிருச்சு. கையில ஏழு புள்ளி. இன்னும் ஒரே ஒரு ஆட்டம். இறுதிக்குப் போக முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க சார்!"

தொலைக்காட்சிக் கலந்துரையாடல் தொடங்கியதும் தொடங்காததுமாக இந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டார் கெமோரைச் சேர்ந்த ஒரு பாலிடெக்னிக் மாணவர். எதிரே அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, முதல் ஆட்டத்தை ஒழுங்கா ஜெயிச்சிருந்தா இந்தக் கேள்விக்கே வேலை இல்ல" என்றார்.

சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணப் போட்டி நடைபெறும் ஒவ்வொரு முறையும் ஈப்போவில் இதே காட்சிதான். முதல் நாளில் எல்லாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான்காம் ஆட்டம் முடிந்ததும் பேச்சு முழுவதும் கணக்காக மாறிவிடும். காப்பிக் கடை மேசையில், கல்லூரி விடுதியில், அரங்கத்தின் படிக்கட்டில் என எங்கே பார்த்தாலும் யாராவது ஒருவர் கையில் பேனாவோடு இருப்பார். இவர் வென்று, அவர் தோற்று, மூன்றாமவர் சமநிலை கண்டால் நம்மவர்கள் இரண்டாம் இடம் என்று வாதாடுவார். பக்கத்தில் இருப்பவர் தலையை ஆட்டுவார். பாதிக் கணக்கு தப்பாகவும் இருக்கும்.

அந்தக் கணக்கு உண்மையில் எப்படி வேலை செய்கிறது, கடைசி ஆட்டத்தில் வாய்ப்பு எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது, அந்த வாய்ப்புக்காக நம் பிள்ளைகளை எவ்வளவு தூரம் ஓட விடலாம் என்பதே அன்றைய கலந்துரையாடலின் பொருள். மூன்றாவது கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை. தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து வந்திருந்த ஒரு தாயார்தான் அதை நடுவில் கொண்டு வந்து வைத்தார். அதைப் பிறகு பார்ப்போம்.

ஆறு அணி, பதினைந்து ஆட்டம்

அஸ்லான் ஷா கிண்ணம் 1983-ஆம் ஆண்டு தொடங்கியது. பத்து காஜாவில் பிறந்து, நாட்டின் தலைமை நீதிபதி பதவி வரை உயர்ந்து, 1984-இல் பேராக் சுல்தானாக அரியணை ஏறிய மறைந்த சுல்தான் அஸ்லான் ஷாவின் பெயரைத் தாங்கிய போட்டி இது. மலேசிய ஹாக்கியையும் ஆசிய ஹாக்கியையும் பல ஆண்டுகள் தலைமையேற்று நடத்தியவர் அவர். தொடக்கத்தில் கோலாலம்பூரிலும் பினாங்கிலும்கூட நடந்த போட்டி, 2007 முதல் ஈப்போவின் சொத்தாகவே ஆகிவிட்டது. 1998-க்குப் பிறகு ஏறக்குறைய ஆண்டுதோறும் நடந்தது. 2020, 2021 ஆண்டுகளில் கோவிட் பெருந்தொற்று குறுக்கிட்டது.

பெரும்பாலான ஆண்டுகளில் ஆறு அணிகள் களம் இறங்கும். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளோடும் ஒரு முறை மோதும். மொத்தம் பதினைந்து ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. பட்டியலில் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் அணிகள் இறுதியாட்டத்திற்குச் செல்லும். மூன்றாவதும் நான்காவதும் மூன்றாம் இடத்துக்கு மோதும். மீதி இரண்டும் ஐந்தாம் இடத்துக்கு. காலிறுதி, அரையிறுதி என்ற படிகள் இந்த முறையில் கிடையா. ஐந்தாவது ஆட்டம்தான் அரையிறுதி மாதிரி.

இங்கேதான் கம்பாரில் கணக்கியல் பயிலும் மாணவி ஒருவர் புகுந்தார். "எத்தனை புள்ளி எடுத்தா பயமில்லாம தூங்கலாம்?" என்று அவரே கேட்டு, அவரே விடையும் சொன்னார்.

பதின்மூன்று புள்ளி. அதாவது நான்கு வெற்றி, ஒரு சமநிலை. அதற்குக் குறைந்தால் உறுதி இல்லை. பலரும் பன்னிரண்டு போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. மூன்று பலமான அணிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் மீதி மூன்று அணிகளை அடித்துவிடுகின்றன. தங்களுக்குள் மோதும்போது முதலாவது இரண்டாவதை வெல்கிறது, இரண்டாவது மூன்றாவதை வெல்கிறது, மூன்றாவது முதலாவதை வெல்கிறது. மூன்றுக்கும் நான்கு வெற்றி, பன்னிரண்டு புள்ளி. இறுதியாட்டத்திலோ இரண்டே இடம். ஐந்தில் நான்கை வென்ற ஓர் அணி மூன்றாம் இடத்துக்கு விளையாட வேண்டி வரும்!

ஆனால், மூன்று அணிகள் ஒரே சமயத்தில் பதின்மூன்று எடுக்க வழியே இல்லை. கீழே உள்ள மூன்று அணிகளையும் வென்றால் ஆளுக்கு 9 புள்ளி. மூன்று அணிக்கும் சேர்த்து 27. தங்களுக்குள் நடக்கும் மூன்று ஆட்டங்களில் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 9. ஆக மொத்தம் 36. மூன்று பேருக்கும் பதின்மூன்று கொடுக்க வேண்டுமானால் 39 வேண்டும். எங்கிருந்து வரும்?

எதிர்முனையில் இதைவிட வேடிக்கை. ஓர் அணி எல்லா ஆட்டத்தையும் வென்று, மீதி ஐந்தும் தங்களுக்குள் சமநிலையாகவே ஆடி முடித்தால், ஐந்துக்கும் ஆளுக்கு 4 புள்ளிதான். அதில் ஒன்று இறுதியாட்டத்துக்குப் போகும். ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாமல்!

"அப்போ எது போகும்?" என்றார் பாலிடெக்னிக் மாணவர்.

"முதல் இடத்து அணிகிட்ட யார் குறைவா அடி வாங்கினாங்களோ, அவங்க" என்றார் மாணவி.

இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் நாளில் 0-5 எனத் தோற்றுவிட்டு, "தோல்வி தோல்விதானே, ஒண்ணுல தோத்தா என்ன, அஞ்சுல தோத்தா என்ன" என்று தோளைக் குலுக்கும் அணி, கடைசி நாளில் அந்த ஐந்து கோலையும் தேடி அலையும். நான்காவது கோலைத் தடுத்த கோல் காவலரை அன்று யாரும் பாராட்டுவதில்லை. ஆறு நாள் கழித்துத்தான் அதன் அருமை தெரியும்.

தோற்காத அணி பின்னால் போவது ஏன்?

இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் கோல் வித்தியாசம் பார்க்கப்படும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். காற்பந்துப் பழக்கம் அது. அனைத்துலக ஹாக்கி சம்மேளனத்தின் போட்டி விதிகளில் அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. முதலில் புள்ளி. அடுத்து, எத்தனை ஆட்டத்தில் வெற்றி என்பது. அதற்குப் பிறகுதான் கோல் வித்தியாசம். அப்புறம் போட்ட கோல்களின் எண்ணிக்கை. அதிலும் சமம் என்றால் இரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தின் முடிவு.

ஓர் உதாரணம். ஓர் அணி இரண்டை வென்று, ஒன்றில் சமநிலை கண்டு, இரண்டில் தோற்றிருக்கிறது. ஏழு புள்ளி. இன்னோர் அணி ஒன்றை வென்று, நான்கில் சமநிலை. அதற்கும் ஏழு புள்ளி. இரண்டாவது அணி போட்டி முழுவதும் தோற்கவே இல்லை. கோல் வித்தியாசமும் அதற்கே நன்றாக இருக்கலாம். ஆனாலும் பட்டியலில் முன்னால் நிற்பது இரண்டு முறை தோற்ற அணிதான்.

அநியாயம் என்று தோன்றுகிறதா? கலந்துரையாடலிலும் அப்படித்தான் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால், இதில் ஒரு நியாயம் இருக்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் சமநிலையில் இருக்கும் ஓர் அணி, பந்தை மூலையில் வைத்து நேரத்தை ஓட்டலாமா அல்லது வெற்றிக்குப் போகலாமா என்று யோசிக்கும் அல்லவா? போய்ப் பார் என்கிறது விதி. பார்க்க வருகிறவனுக்கு இது நல்லதே. பயிற்சியாளருக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

2017: இரண்டு கோல் வேண்டும் என்ற இரவு

கணக்கு என்னதான் சரியாக இருந்தாலும் ஆட்டம் அதைக் கேட்டு நடப்பதில்லை. இதற்கு ஈப்போ கண்ட நல்ல சாட்சி 2017-ஆம் ஆண்டு மே 5-ஆம் தேதி.

அன்று சுற்றின் கடைசி ஆட்டத்தில் இந்தியாவும் மலேசியாவும் மோதின. இந்தியா அதற்கு முன் பிரிட்டனோடு 2-2 எனச் சமநிலை கண்டு, நியூசிலாந்தை 3-0 என வென்று, ஆஸ்திரேலியாவிடம் 1-3 எனத் தோற்று, ஜப்பானை 4-3 என வென்றிருந்தது. இறுதியாட்டத்துக்குப் போக மலேசியாவை வென்றால் மட்டும் போதாது, இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும் என்பது நிலைமை. எண்ணிப் பாருங்கள். ஜப்பானுக்கு எதிராக வாங்கிய மூன்று கோல்களில் ஒன்றைத் தடுத்திருந்தால்கூட, அந்த இரவு எதிரணியின் மனநிலையே வேறாக இருந்திருக்கும்.

நடந்தது என்ன? ஐம்பதாவது நிமிடத்தில் ஷாஹ்ரில் சாபா கோல் போட்டார். மலேசியா 1-0. அவ்வளவுதான். இந்தியா மூன்றாம் இட ஆட்டத்துக்குப் போனது. அங்கே நியூசிலாந்தை 4-0 என நொறுக்கியது வேறு கதை. வாய்ப்பைப் பெற்றுக்கொண்ட பிரிட்டன் இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவை 4-3 என வென்று கிண்ணத்தையே எடுத்துக்கொண்டு போய்விட்டது!

அன்றிரவு அரங்கத்தில் இருந்ததாகச் சொன்ன பாலிடெக்னிக் மாணவர் அப்போது பள்ளிச் சிறுவன். "எங்க அப்பா எந்தப் பக்கம் கை தட்டுறதுன்னு தெரியாம இருந்தாரு" என்றபோது அரங்கமே சிரித்தது. மலேசியத் தமிழர்களின் வீடுகளில் இந்தியா ஆடும்போது ஏற்படும் அந்தப் பழைய குழப்பம் எல்லாருக்கும் தெரிந்ததே. கோல் விழுந்ததும் அப்பா எழுந்து நின்று குதித்துவிட்டாராம். குழப்பம் தீர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இரண்டு கோல் வேண்டும் என்று தெரிந்து இறங்கும் அணி, ஆட்டத்தின் முதல் பாதியிலேயே அவசரப்படுகிறது. தற்காப்பு ஆட்டக்காரர்கள் நடுக்கோட்டைத் தாண்டி வந்துவிடுகிறார்கள். பின்னால் இடம் திறந்து கிடக்கிறது. இன்னும் நேரம் குறைந்தால் கோல் காவலரையே வெளியே எடுத்துவிட்டுப் பதினோராவது ஆளைக் களத்தில் ஓட விடுகிறார்கள். எதிரணிக்கு ஒரே ஒரு நல்ல பந்து கிடைத்தால் வெறும் கோல்வலைதான். இழக்க ஒன்றுமில்லாமல் ஆடும் அணி, எல்லாவற்றையும் பெற வேண்டிய அணியை வீழ்த்துவது இதனால்தான். மற்றபடி அதிசயம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. ஈப்போ போட்டி ஒரே திடலில் நடக்கிறது. கடைசி நாளின் மூன்று ஆட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசியாக இறங்கும் அணிக்குத் தனக்கு என்ன தேவை என்பது துல்லியமாகத் தெரியும். முதலில் ஆடியவர்கள் குளித்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடிக்க வேண்டியதுதான். காற்பந்து இந்தப் பிரச்சினையை 1982 உலகக் கிண்ணத்தில் பட்டுத் தெரிந்துகொண்டது. ஸ்பெயினின் கிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 என்ற முடிவு இருவருக்கும் போதும் என்று தெரிந்ததும் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தன. முந்தைய நாளே ஆடி முடித்திருந்த அல்ஜீரியா வெளியேறியது. 1986 முதல் ஒரு பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துகிறார்கள். ஒற்றைத் திடல் ஹாக்கிக்கு அந்த வசதி இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஈப்போவின் மழை வேறு. 2010 இறுதியாட்டத்தில் இந்தியாவும் தென்கொரியாவும் மோத வேண்டியது. வானம் விடவில்லை. கிண்ணத்தை இரண்டு நாடுகளும் பகிர்ந்துகொண்டன. எந்தக் கணக்கியல் மாணவியும் இதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஐந்து முறை வாசல் வரை

"சரி, இவ்வளவு கணக்குப் போட்டு இறுதிக்குப் போனா மட்டும் என்ன?" என்று சலித்துக்கொண்டார் பின்வரிசையில் இருந்த ஒருவர்.

அவருடைய சலிப்புக்குக் காரணம் இருக்கிறது. மலேசியா அஸ்லான் ஷா கிண்ணத்தில் 1985, 2007, 2009, 2013, 2022 என ஐந்து முறை இரண்டாம் இடம் பெற்றிருக்கிறது. கிண்ணத்தை ஒரு முறையும் தொட்டதில்லை. 2013-இல் ஆஸ்திரேலியாவிடம் 2-3. 2022-இல் தென்கொரியாவிடமும் அதே 2-3. ஆஸ்திரேலியா பத்து முறை வாகை சூடியிருக்க, சொந்த மண்ணில் நடக்கும் போட்டியில் நமக்கு இந்த நிலை.

ஒலிம்பிக்கைப் பார்த்தாலும் 2000-ஆம் ஆண்டு சிட்னிக்குப் பிறகு மலேசிய ஆண்கள் அணி ஒலிம்பிக் திடலை மிதிக்கவில்லை. 2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் இந்தியாவை 2-2 என்ற சமநிலைக்குப் பிறகு 7-6 எனப் பெனால்டி ஷூட்அவுட்டில் வென்றபோது, கோல்வலையில் நின்ற எஸ்.குமாரை நாடே தூக்கிக் கொண்டாடியது. தங்கம் வென்றால் தோக்கியோ ஒலிம்பிக்கிற்கு நேரடி நுழைவு. இறுதியாட்டம் ஜப்பானோடு. முன்னிலையில் இருந்தும் 6-6 என முடிந்து, ஷூட்அவுட்டில் 1-3 என நழுவியது. 2023 உலகக் கிண்ணத்திலும் ஏறக்குறைய இதே கதை. சிலியையும் நியூசிலாந்தையும் 3-2, 3-2 என வென்று பிரிவில் இரண்டாம் இடம் பெற்று, காலிறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் ஸ்பெயினோடு 2-2 எனச் சமநிலை கண்டு, ஷூட்அவுட்டில் 3-4 எனத் தோற்றோம்.

இளைய வாசகர்களுக்கு ஒரு விளக்கம். ஷூட்அவுட் என்பது பழைய பெனால்டி ஸ்ட்ரோக் அல்ல. ஆட்டக்காரர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு புறப்பட வேண்டும். எட்டு வினாடிக்குள் கோல் காவலரை ஏமாற்றிப் பந்தை வலைக்குள் தள்ள வேண்டும். அணிக்கு ஐந்து பேர். சமமானால் ஒருவருக்கொருவர் தொடரும். எட்டு வினாடி என்பது நீங்கள் இந்த வரியை வாசித்து முடிக்கும் நேரம்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இதெல்லாம் புதிதல்ல. அவருடைய காயம் 1975 மார்ச் மாதத்தியது. கோலாலம்பூரில் உலகக் கிண்ணம். என்.ஸ்ரீ சண்முகநாதன் தலைமையிலான மலேசிய அணி, நடப்பு வெற்றியாளரான நெதர்லாந்தை 2-1 என வீழ்த்தி அரையிறுதிக்குள் நுழைந்தது. அங்கே இந்தியா. மலேசியா 2-1 என முன்னிலை. ஆட்டம் முடிய ஐந்தே நிமிடம். 65-ஆவது நிமிடத்தில் பெனால்டி கார்னரிலிருந்து அஸ்லாம் ஷேர் கான் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங்கின் கோல். 2-3. அந்த இந்திய அணிதான் பாகிஸ்தானை வென்று கிண்ணத்தை வென்றது. மலேசியாவுக்கு நான்காம் இடம். இன்று வரை அதுவே நமது உச்சம்.

"கிராணி வீட்டு வானொலியைச் சுத்தி நாங்க இருபது பேரு நின்னோம்" என்றார் ஆசிரியர். "ஒருத்தரும் பேசல. மறுநாள் காலையில பால்மரக் காட்டுக்குப் போனவங்க எல்லாம் சாவு வீட்டுக்குப் போன மாதிரி இருந்தாங்க. எனக்கு அது இன்னும் ஆறல."

திடல் போன பிறகு

இந்த இடத்தில்தான் தஞ்சோங் ரம்புத்தான் தாயார் பேசத் தொடங்கினார். அவருக்குப் புள்ளிக் கணக்கில் அக்கறை இல்லை. அவர் மகன் ஐந்தாம் படிவம். எஸ்.பி.எம். தேர்வு எழுத வேண்டும். பள்ளி அணியில் நடுக்கள ஆட்டக்காரர். வாரத்தில் மூன்று மாலை ஈப்போவில் பயிற்சி. கணவர் லோரி ஓட்டுநர், பாதி நாள் வெளியூர். பயிற்சி முடியும் நேரத்துக்குப் பேருந்து இல்லை.

"டிவியில நம்ம பையன்கள் பேரு வருதான்னு பார்க்கிறோம். வரலன்னா வருத்தப்படுறோம். ஆனா அனுப்புறது யாரு சார்? நான் அனுப்பினா அவன் படிப்பு என்ன ஆகும்? அனுப்பலன்னா, பின்னாடி என்னைக் கேட்க மாட்டானா?"

யாரும் உடனே பதில் சொல்லவில்லை.

பிறகு ஆசிரியர்தான் நிதானமாக விளக்கினார். தோட்டத்தில் காற்பந்துதான் ராஜா. ஹாக்கி பெரும்பாலும் கிராணிமார் பிள்ளைகள் ஈப்போ, தைப்பிங் ஆங்கிலப் பள்ளிகளிலிருந்து கொண்டு வந்த ஆட்டம். ஆனாலும் பார்த்த பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்குமா? கொய்யாக் கிளையை வளைத்து மட்டையாக்கி லயத்துக்குப் பின்னால் ஆடினார்கள். தோட்டத்துக்கு ஒரு திடல் இருந்தது. காசு வேண்டாம், பேருந்து வேண்டாம். மாலை ஐந்து மணிக்கு இறங்கினால் இருட்டும் வரை ஆட்டம்.

அந்த உலகத்தை இரண்டு விஷயங்கள் முடித்து வைத்தன. ஒன்று நமக்குத் தெரிந்ததே. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சில வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்கு நகர்ந்தன. திடல் கூடவே வரவில்லை. மற்றொன்று வெளியிலிருந்து வந்தது. 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஹாக்கி செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. அதன் பிறகு பெரிய போட்டிகள் எல்லாம் அதற்கே மாறின. புல்லில் பந்து துள்ளும், நிற்கும். நிறுத்தித் திருப்பும் கைவித்தைக்கு மதிப்பு இருந்தது. தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும். ஓட்டமும் உடல் வலுவும் முன்னால் வந்தன. இந்தியாவும் பாகிஸ்தானும் தடுமாறியதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம் என்பது பல ஆண்டுகளாகப் பேசப்படும் செய்தி. இந்தியா ஓடிஸா மாநிலத்தின் ஆதரவு, புதிய தரைகள், பயிற்சி மையங்கள் என்று பணத்தைக் கொட்டி, 41 ஆண்டுகளுக்குப் பிறகு தோக்கியோவில் வெண்கலம் வாங்கியது. பாரிஸில் இன்னொரு வெண்கலம்.

செயற்கைத் தரை போடுவதற்குத் தோட்ட நிர்வாகமா செலவு செய்யும்? அது பட்டணத்தில் மட்டும்தான் இருக்க முடியும். அங்கே பக்கத்தில் வீடு உள்ளவன், கார் உள்ளவன் வருவான். தூரத்தில் இருப்பவன் திறமையோடு வீட்டிலேயே இருப்பான். அணிப் பட்டியலில் நம் பெயர்கள் ஏன் குறைகின்றன என்று கேட்கும்போது ஒதுக்கிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு உடனே எழுகிறது. அதில் உண்மை உண்டா இல்லையா என்பது தனி விவாதம். ஆனால், தேர்வாளரின் கண்ணுக்கு முன்னால் வருவதற்கு முந்தியே எத்தனை பேர் நின்றுபோகிறார்கள் என்பதை முதலில் எண்ண வேண்டும்.

வாய்ப்பு குறைந்தால் யாரை இறக்குவது?

தாயாரின் கேள்வி புள்ளிக் கணக்கையும் தொட்டது. இறுதிக்குப் போகும் வாய்ப்பு நூலளவுதான் இருக்கிறது என்றால் கடைசி ஆட்டத்தில் புதிய பிள்ளைகளை இறக்கிப் பார்க்கலாமே என்றார் பின்வரிசை அன்பர். பாலிடெக்னிக் மாணவர் கொதித்துவிட்டார். "டிக்கெட் வாங்கிட்டு வர்றவன் நூலளவு வாய்ப்பைப் பார்க்கத்தான் வர்றான்" என்றார்.

இருவர் பக்கமும் பேசலாம். 2020 முதல் உலகத் தரவரிசை ஒவ்வொரு அனைத்துலக ஆட்டத்தின் முடிவையும் வைத்து ஏறி இறங்குகிறது. பலம் கூடிய அணியை வென்றால் அதிகம் கிடைக்கும், பலம் குறைந்த அணியிடம் தோற்றால் அதிகம் போகும். ஆகவே "பயனில்லாத ஆட்டம்" என்று இன்று ஒன்றும் இல்லை. அதே சமயம், சுழற்சி முறையில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம் என்ற வசதி ஹாக்கியில் உண்டு. ஒரு புதியவனை நான்கு கால்பாகங்களிலும் இரண்டு இரண்டு நிமிடம் இறக்கலாம். அவனுக்கும் அனுபவம், அணிக்கும் ஆபத்து குறைவு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று பயிற்சியாளரை மிரட்டத் தேவையில்லை. கலந்துரையாடலில் கேட்ட யோசனைகளிலேயே நடைமுறைக்கு ஏற்றது இதுதான் என்று தோன்றுகிறது. அதைச் சொன்னவரும் அந்த மாணவிதான்.

தாயாருக்கு ஆசிரியர் சொன்னது இன்னும் எளிமையானது. "அம்மா, தேசிய அணிக்குப் போவான்னு நினைச்சு அனுப்பாதீங்க. அந்த வாய்ப்பு நூறுல ஒண்ணுகூட இருக்காது. மூணு நாள் அனுப்புறதை ரெண்டு நாளாக்குங்க. பயிற்சியாளர்கிட்ட நேர்ல போய்ப் பேசுங்க, தேர்வு முடியுற வரைக்கும் ஒத்துக்குவாரு. முழுசா நிறுத்திட்டா மறுபடி வர மாட்டான். நான் பார்த்திருக்கேன்."

"ரெண்டு நாளும் யார் சார் கூட்டிட்டு வர்றது?"

பாலிடெக்னிக் மாணவர் கையைத் தூக்கினார். "அக்கா, நான் கெமோர்லருந்து தினம் ஈப்போவுக்கு மோட்டார்ல தானே வர்றேன். கொஞ்சம் வளைஞ்சு வந்தா உங்க வீடு. செவ்வாயும் வியாழனும் நான் ஏத்திக்கிறேன்."

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார்.

"ரெண்டாவது ஹெல்மட் இருக்கா தம்பி?"

"வாங்கிடலாம் அக்கா."

"வாங்கின பிறகு வா" என்றார்.